விமானியின் காதும் எஞ்சின் இரைச்சலும்

ஒற்றை எஞ்சின் கொண்ட பயிற்சி விமானம் முழு விசையில் மேலேறும்போது அதன் அறைக்குள் இரைச்சல் 95 முதல் 100 டெசிபல் வரை இருக்கும். தறிக்கூடத்துக்குள் நிற்பவருக்கு இந்தச் சத்தம் புதிதல்ல. ஆனால் விமானி அதற்குள் உட்கார்ந்துகொண்டு கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் பேச்சைக் கேட்க வேண்டும், பக்கத்திலிருக்கும் பயிற்றுநருக்குப் பதில் சொல்ல வேண்டும், பத்து இருபது ஆண்டுகள் கழித்தும் அவருடைய செவி வேலை செய்ய வேண்டும். இந்த மூன்று தேவைகளையும் இன்று ஒரே ஹெட்செட் நிறைவேற்றுகிறது. ஆனால் மூன்றும் ஒரே நாளில் வந்தவை அல்ல. முதலில் பேச்சு, பிறகு வானொலி, கடைசியாகத்தான் காதைக் காப்பது என்ற வரிசையில் அவை வந்தன. இன்றைய ஹெட்செட்டின் பிளக்கிலும் மைக்கிலும் அந்த வரிசையின் தடயங்கள் அப்படியே இருக்கின்றன. எதை வாங்குவது என்று தேடுகிறவர் தடுமாறும் இடங்களில் பல, அந்தப் பழைய முடிவுகள் விட்டுப்போன முடிச்சுகள்தாம்.

சென்னை விமானத்தை முதலில் பார்த்தது 1910இல். மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி ஆஞ்செலிஸ் தாம் வரைந்த வடிவில் சிம்ப்சன் நிறுவனத்தாரைக் கொண்டு ஒரு விமானம் கட்டுவித்தார். பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, தீவுத்திடலில் கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்குப் பறந்து காட்டினார். அந்தக் காலத்து விமானத்தில் காது என்ற பேச்சே எழவில்லை. திறந்த இருக்கை, முகத்தில் அறையும் காற்று, கைக்கெட்டும் தூரத்தில் எஞ்சின். பேச ஆளும் இல்லை, கேட்க வானொலியும் இல்லை. காதில் பஞ்சு வைத்துக்கொள்வது ஒன்றுதான் வழி.

சிக்கல் தொடங்கியது பறப்பதைச் சொல்லிக்கொடுக்க நேர்ந்தபோது. முதல் உலகப் போரின் தொடக்க ஆண்டுகளில் முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை கொண்ட விமானங்களில் மாணவரை ஏற்றிச் சென்ற பயிற்றுநர்கள், ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எஞ்சின் விசையைக் குறைத்துவிட்டு, விமானம் சறுக்கி இறங்கும் அந்தச் சில நொடிகளில் கத்தினார்கள். இல்லையென்றால் தோளில் தட்டினார்கள். பயிற்சியிலேயே உயிர்விட்டவர்களின் எண்ணிக்கை பிரிட்டிஷ் படையை உலுக்கியது. 1917இல் ராபர்ட் ஸ்மித்-பாரி என்ற அதிகாரி இங்கிலாந்தின் காஸ்போர்ட் நகரில் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கி, கற்பிக்கும் முறையையே மாற்றினார். ஆபத்தான அசைவுகளைத் தவிர்க்கச் சொல்லாமல், அவற்றில் விமானத்தை வேண்டுமென்றே விட்டு, மீட்கக் கற்றுக்கொடுப்பது அவர் முறை. அதற்கு, ஆபத்தின் நடுவிலேயே மாணவரின் காதில் பேச முடிந்தாக வேண்டும். அங்கே பிறந்த பேச்சுக்குழாய் ஊர்ப்பெயராலேயே காஸ்போர்ட் குழாய் எனப்பட்டது.

அதில் மின்சாரம் கிடையாது, பேட்டரி கிடையாது. பயிற்றுநரின் வாயருகே புனல் போன்ற ஒரு வாய். அதிலிருந்து வளையும் ரப்பர் குழாய் மாணவரின் தோல் தொப்பி வரை போய், இரண்டாகப் பிரிந்து, இரு காதுகளையும் மூடிய உலோகக் குமிழ்களில் முடியும். மருத்துவரின் ஸ்டெதாஸ்கோப் செய்யும் அதே வேலை. மாணவர் திருப்பிப் பேச இன்னொரு குழாய் வேண்டும். குரல் அமுங்கி ஒலிக்கும், மெய்யெழுத்துகள் மழுங்கும். ஆகவே பயிற்றுநர்கள் குறுகிய கட்டளைகளாகப் பேசப் பழகினார்கள். தோல் தொப்பி குளிருக்கும் காற்றுக்கும் ஆனது. குழாய் வழியே வந்த குரல் காதில் விழுவதற்காகத்தான் குமிழ் காதோடு ஒட்டியிருந்ததே தவிர, எஞ்சின் சத்தத்தைத் தடுக்க அல்ல.

இந்தக் குழாய்தான் தமிழ்நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. 1920களின் கடைசியில் அரசு உதவியோடு டெல்லி, பம்பாய், கராச்சி என்று பறக்கும் கிளப்புகள் முளைத்தன. அந்த அலையிலேயே சென்னைப் பறக்கும் கிளப்பும் தொடங்கி, மீனம்பாக்கத்தில் இயங்கியது. கிளப்புகளின் விமானம் டி ஹாவிலாண்ட் மாத். மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்திய, இரட்டை இறக்கை கொண்ட, திறந்த இருக்கை விமானம் அது. பின்னால் வந்த டைகர் மாத்தும் அதே குடும்பம். முன் இருக்கையில் பயிற்றுநர், பின் இருக்கையில் மாணவர், நடுவே காஸ்போர்ட் குழாய். இங்கிலாந்தின் குளிருக்கு என்று தைத்த தோல் தொப்பியை மாணவர் மீனம்பாக்கத்துச் சித்திரை வெயிலில் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டார். பறக்கும் ஆசைக்கு முன்னால் வியர்வை எம்மாத்திரம்!

1932 அக்டோபர் 15 அன்று டாடா நிறுவனத்தின் தபால் விமானச் சேவை கராச்சியில் தொடங்கியது. ஜே.ஆர்.டி. டாடா பம்பாய் வரை ஓட்டிவந்த பஸ் மாத்தின் தபால் பைகளை, நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். பஸ் மாத் மூடிய அறை கொண்டது. காற்றின் அடி குறைந்தது, எஞ்சினின் அதிர்வு குறையவில்லை. விமானத்தில் வானொலியும் இல்லை. தரையில் தெரியும் தண்டவாளமும் ஆறும்தான் வழிகாட்டி. கேட்கத் தேவையில்லாத விமானியாக ஒருவர் நாட்டின் நெடுக்கைக் கடக்க முடிந்த கடைசிக் காலம் அது.

வானொலியைப் பொதுவாக்கியது இரண்டாம் உலகப் போர். அமெரிக்கப் படைகளுக்காக லட்சக்கணக்கில் ஹெட்போனும் மைக்கும் செய்ய வேண்டியிருந்தது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க நேரமில்லை. தொலைபேசி நிலையங்களில் பெண்கள் இழுத்துச் செருகிக்கொண்டிருந்தார்களே, அந்தக் கால் அங்குலப் பிளக்கின் வடிவம் கேட்கும் கருவிக்கு வந்தது. மைக்குக்கு அதைவிடச் சற்றே மெலிந்த இன்னொரு பிளக். ஒன்றைத் தவறிப்போய் மற்றதின் துளையில் செருகிவிடக் கூடாது என்பதற்காக இந்த அளவு வேறுபாடு. போர் முடிந்து எண்பது ஆண்டுகள் ஆன பின்னும் செஸ்னா விமானத்தின் பேனலில் இருப்பவை இந்த இரண்டு துளைகள்தாம். புதிதாக ஹெட்செட் வாங்குபவர் முதலில் கேட்கும் கேள்வி, இரட்டைப் பிளக்கா, ஹெலிகாப்டருக்கான ஒற்றைப் பிளக்கா, ஆறு முனை லெமோவா என்பது. அந்தக் கேள்வி இப்படிப் பிறந்தது.

மைக்கின் கதையும் இதே மாதிரி. போர்க்காலத்து மைக்கில் கரித்துகள் அடைத்திருக்கும். குரல் பட்டுத் தகடு அதிரும்போது துகள்கள் நெருங்கியும் விலகியும் மின்தடையை மாற்றும். அதற்கு விமானத்திலிருந்து சிறிது மின்னழுத்தம் போக வேண்டும். இன்றைய மைக்கில் கரித்துகள் கிடையாது. ஆனாலும் விமானத்தின் வானொலி பழைய வழக்கப்படி 8 முதல் 16 வோல்ட் அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறது. புதிய மைக், உள்ளே ஒரு சிறு மின்சுற்றை வைத்துக்கொண்டு, கரித்துகள் மைக்கைப் போலவே நடிக்கிறது. படைப்பிரிவில் பயன்பட்ட ஹெட்செட்டின் மின்தடை இதற்குப் பொருந்தாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்கியவர் பேசினால் கோபுரத்துக்குக் குரல் போகாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்திய கிளப்புகளுக்கு உள்நாட்டு விமானம் கிடைத்தது. பெங்களூரு ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையின் புஷ்பக் 1958 செப்டம்பரில் முதன்முறை பறந்தது. இரண்டு பேர் அருகருகே உட்காரும் விமானம், 90 குதிரைத்திறன் எஞ்சின். அருகருகே இருக்கை வந்ததில் ஒரு நன்மை இருந்தது: பயிற்றுநர் மாணவரின் காதுக்குப் பக்கத்திலேயே கத்தலாம். கெடுதலும் அதுவேதான். கத்தினால் கேட்கிறது என்பதால் பேச்சுக் கருவிக்கான அவசரம் போய்விட்டது. பின்னால் வந்த செஸ்னாக்களிலும் பேனலில் கொக்கியில் மாட்டிய கை மைக்கும், கூரையில் ஒரு ஒலிபெருக்கியும் இருந்தன. கோபுரம் பேசினால் ஒலிபெருக்கியின் ஓசை எஞ்சின் ஓசையை வெல்ல வேண்டும். அதற்காக விமானி அதன் விசையைக் கூட்டுவார். ஆக, செவிக்குள் போகும் மொத்த ஒலி இன்னும் ஏறும். காதில் எதுவும் மாட்டாமல் ஆயிரக்கணக்கான மணி நேரம் இப்படிப் பறந்த தலைமுறை ஒன்று உலகெங்கும் இருந்தது. அவர்களில் பலருக்குப் பிற்காலத்தில் பேசியது காதில் விழவில்லை. இது தொழிலின் சகஜமான கூலியாக எண்ணப்பட்டது என்பதுதான் இந்த வரலாற்றில் வருத்தமான பகுதி. காரணம் அறியாததால் அல்ல. சத்தம் செவியைக் கெடுக்கும் என்பது பாய்லர் அடிக்கும் தொழிலாளர்களைக் கொண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்தது.

கணக்கு எளிமையானது. 85 டெசிபல் சத்தத்தில் நாளுக்கு 8 மணி நேரம் இருக்கலாம் என்று வைத்தால், ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் அந்த நேரம் பாதியாகும் என்பது தொழில் நலத் துறையினர் பெரிதும் ஏற்கும் அளவு. 94 டெசிபலில் ஒரு மணி நேரம், 100 டெசிபலில் கால் மணி நேரம். அதாவது ஒரே ஒரு பயிற்சிப் பறத்தலிலேயே அன்றைய பங்கு தீர்ந்துவிடும். முதலில் போவது உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன். 500, 1000, 2000 ஹெர்ட்ஸ்களில் 35 டெசிபலுக்கு மேலும், 3000 ஹெர்ட்ஸில் 50 டெசிபலுக்கு மேலும் செவித்திறன் குறைந்திருக்கக் கூடாது என்பது வணிக விமானிகளின் மருத்துவத் தகுதிக்கு உலக அளவில் வகுத்த வரம்பு. செவி தேய்வது ஓய்வுக் காலத்துத் தொல்லை மட்டுமல்ல, உரிமத்தையே அசைக்கும்.

தீர்வு சிறு விமானங்களின் உலகத்துக்கு வெளியே வளர்ந்திருந்தது. போர் விமானிகளின் அழுத்த உடைகளைத் தைத்துவந்த அமெரிக்காவின் டேவிட் கிளார்க் நிறுவனம், தடித்த பிளாஸ்டிக் ஓட்டுக்குள் பஞ்சுறை வைத்து, காதைச் சுற்றி இறுக்கமாக அமரும் காதுமூடிகளைச் செய்தது. அதில் ஒலிபெருக்கியையும், கம்பியில் நீண்டு வாயருகே வரும் மைக்கையும் சேர்த்து, 1975இல் சிறு விமானங்களை ஓட்டுபவர்களுக்காக எச்10-30 என்ற மாதிரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வெளிர்பச்சை நிறத்தில் கனமாக இருந்த அந்தக் கருவி, பின்னர் உலகத்துப் பயிற்சிப் பள்ளிகளின் அடையாளம் போல ஆனது. காதைக் காப்பது, கேட்பது, பேசுவது மூன்றும் சிறு விமானத்தில் ஒரே இடத்தில் கூடின.

மைக்கின் வேலையும் கவனிக்கத் தக்கது. அதன் முன்னும் பின்னும் திறப்பு உண்டு. தொலைவிலிருந்து வரும் எஞ்சின் ஒலி இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக மோதித் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். உதட்டை ஒட்டி எழும் குரல் ஒரு பக்கம் மட்டும் பலமாக மோதும். ஆகவே மைக் உதட்டிலிருந்து அரை விரல் தள்ளி இருக்க வேண்டும். தாடைக்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் இரைச்சலைத்தான் அனுப்பும்.

ஆனால் எச்10-30 வகைக் கருவியால் ஒன்று முடியவில்லை. கனமான மூடி கீச்சென்ற, சீறும் உயர்ந்த ஒலிகளை நன்றாக நிறுத்தும். தாழ்ந்த உறுமல் அதை ஊடுருவி வரும். சிறு விமானத்தின் சத்தத்தில் பெரும்பங்கு இந்த உறுமல்தான். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2,400 முறை சுழன்றால் நொடிக்கு 40 சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு சிலிண்டர்கள் வெடிக்கும். ப்ரொப்பெல்லருக்கும் இரண்டு அலகு. இரண்டும் சேர்ந்து 80 ஹெர்ட்ஸில் அடிக்கும். செஸ்னா 172 ஓட்டியவர்கள் நெஞ்சில் உணரும் அந்தத் துடிப்பு இதுதான்.

ஒலியை ஒலியாலேயே அழிக்கலாம் என்ற யோசனை பழையது. ஜெர்மானிய இயற்பியலர் பால் லூக் 1933இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அலையின் மேடு வரும் நேரத்தில் எதிரே ஒரு பள்ளத்தை அனுப்பினால் இரண்டும் சமன்படும் என்பது அவர் கூறியது. 1950களில் அமெரிக்க ஆய்வாளர்கள் இதைக் காதுமூடிக்குள் செய்து பார்த்தார்கள். அன்றைய மின்னணுச் சாதனங்களின் பருமன் அதை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே விடவில்லை.

அதை வெளியே கொண்டுவந்தவர்களில் ஒருவர் வங்காளத்து விடுதலைப் போராட்டக்காரர் நோனி கோபால் போஸின் மகன் அமர் போஸ். அமெரிக்காவில் எம்.ஐ.டி. பேராசிரியராக இருந்த அவர், 1978இல் சூரிக்கிலிருந்து திரும்பும் விமானத்தில் தந்த ஹெட்போனில் இசை கேட்க முயன்றபோது எஞ்சின் இரைச்சலில் இசை கரைந்துபோனது. பயணம் முடியுமுன்னே கணக்குகளைத் தாளில் போட்டுவிட்டார் என்பார்கள். கருவி உருவாக ஆண்டுகள் ஆயின. 1986 டிசம்பரில் டிக் ருட்டனும் ஜீனா யேகரும் எரிபொருள் நிரப்பாமல் ஒன்பது நாளில் உலகைச் சுற்றி வந்த வாயேஜர் விமானத்தில் அதன் முன்மாதிரி பறந்தது. 1989இல் விமானிகளுக்கான முதல் மாதிரி கடைக்கு வந்தது. விலை ஏறத்தாழ ஆயிரம் டாலர். ஜெர்மனியிலும் அதே நேரத்தில் லுஃப்தான்சா விமான நிறுவனம் கேட்டுக்கொண்டதன்பேரில் சென்ஹைசர் நிறுவனம் தனியாக இதே வழியில் முன்னேறியது. ஆக, ஒரே தேவை இரு கண்டங்களில் ஒரே காலத்தில் விடை கண்டது.

இந்த வகையில் காதுமூடிக்குள்ளேயே ஒரு சிறு மைக் இருக்கும். மூடியைத் தாண்டி உள்ளே வந்த ஒலியை அது கேட்டு, மின்சுற்று தலைகீழ் அலையைச் செய்து, அதே ஒலிபெருக்கி வழியே விடும். சில நூறு ஹெர்ட்ஸ் வரை அபாரமாக வேலை செய்யும். அதற்கு மேல் அலைகள் மிகச் சிறியவை, சுற்று தாமதித்துப்போகும். அந்தப் பகுதியைப் பழைய ஓடும் பஞ்சும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ‘இரைச்சல் நீக்கி’ என்று பெயர் வைத்த எந்தக் கருவியும் பாதியளவு 1975ஆம் ஆண்டுத் தொழில்நுட்பமே. பேட்டரி தீர்ந்தால் மிச்சம் இருப்பது அது மட்டும்தான். மூடி மெலிந்த கருவி அப்போது ஏமாற்றிவிடும். இசை கேட்க வாங்கும் வீட்டு ஹெட்போன் விமானத்துக்கு ஆகாது என்பதற்கு மைக்கும் பிளக்கும் மட்டும் காரணமல்ல. நூறு டெசிபலை எதிர்பார்த்து அதன் சுற்று வடிவமைக்கப்படவில்லை.

தமிழ்நாட்டில் எந்த ஹெட்செட்டை வாங்குவது என்ற கேள்வி இப்போது மீனம்பாக்கத்தைவிடச் சேலத்தில் அதிகம் எழ வேண்டியது. 1993இல் ஓமலூர் அருகே காமலாபுரத்தில் திறந்த சேலம் விமான நிலையம், பயணிகள் சேவை வருவதும் நிற்பதுமாக நீண்ட காலம் அமைதியாக இருந்தது. 2022இல் இந்திய விமான நிலைய ஆணையம் பயிற்சிப் பள்ளிகளுக்கு ஒதுக்கிய ஐந்து நிலையங்களில் சேலமும் ஒன்று. ஓடுதளத்திலிருந்து கிழக்கே நேராகப் பார்த்தால் பதினைந்து கிலோமீட்டர் தொலைவில் சேர்வராயன் மலைத்தொடர் நிற்கிறது. ஏற்காடு, நாகலூர், வாழவந்தி என்று காபித் தோட்டங்களும் மிளகுக் கொடிகளும் நிறைந்த ஊர்கள் அதன் மேல். சேர்வராயன் உச்சி 5,300 அடிக்கு மேல். காமலாபுரத்து ஓடுதளம் ஏறக்குறைய ஆயிரம் அடி உயரத்தில். உச்சிக்கு மேல் பாதுகாப்பான இடைவெளி விட்டுக் கடக்க, சிறு விமானம் பத்து நிமிடம் அளவுக்கு முழு விசையில் ஏற வேண்டும். கோடையில் காற்று லேசாகி ஏறும் வேகம் இன்னும் குறையும். இரைச்சலின் உச்சநிலை இந்த நிமிடங்களில்தான். வணிக உரிமத்துக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டியவருக்கு இது எவ்வளவு கூடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பயிற்சி விமானத்தின் எஞ்சினைப் பொறுத்தும் இரைச்சலின் சுருதி மாறும். தேசிய விண்வெளி ஆய்வகத்தின் ஹம்சாவின் புதிய வடிவம் 2022இல் புதுச்சேரியில் கடல்மட்டச் சோதனை முடித்தது. அதன் ரோட்டாக்ஸ் எஞ்சின் நிமிடத்துக்கு 5,500 சுற்று அளவில் ஓடி, பல்சக்கரம் வழியே ப்ரொப்பெல்லரை அதில் பாதிக்கும் குறைந்த வேகத்தில் சுழற்றும். ஆகவே ப்ரொப்பெல்லரின் தாழ்ந்த துடிப்புக்கு மேல் எஞ்சினின் வெடிப்பு 180 ஹெர்ட்ஸை ஒட்டித் தனியாக ஒலிக்கும். செஸ்னாவில் ஒன்றாய் இருந்தது இங்கே இரண்டாகப் பிரிகிறது. இரண்டும் மின்னணுக் கருவியின் எல்லைக்குள்தான். ஆனால் வாங்கும் கருவியைச் செஸ்னாவில் மாட்டிப் பார்த்ததோடு நிறுத்தாமல், உண்மையில் பறக்கும் விமானத்தில் மாட்டிப் பார்ப்பது நல்லது.

மாட்டிப் பார்க்கும்போது முதலில் தெரியவேண்டியது எடை. பழைய எச்10 வகை 470 கிராமை ஒட்டியது, 2010இல் வந்த போஸ் ஏ20 340 கிராம். கையில் எடுத்தால் பெரிய வேறுபாடு தெரியாது. மூன்றாவது மணி நேரத்தில் கழுத்து சொல்லும். இறுக்கம் அடுத்தது. மின்னணு வேலை செய்வதால் புதிய வகை தலையை அவ்வளவு இறுக்க வேண்டியதில்லை. கண்ணாடி போடுபவருக்கு இது முக்கியம். கண்ணாடிக் காம்பு காதுமெத்தையைச் சற்றே தூக்கினாலும் அந்த இடுக்கு வழியே உறுமல் உள்ளே புகும். பெரிய கம்மல், தடித்த பின்னல் எல்லாம் அதே தீங்கைச் செய்யும். பழைய பேனலில் இன்னொரு குறும்பு உண்டு. ஸ்டீரியோ ஹெட்செட்டை மோனோ துளையில் செருகினால் ஒரு காது ஊமையாகிவிடும். ஹெட்செட்டிலேயே அதற்கு ஒரு சிறு விசை இருக்கும், அதைத் தட்டினால் தீர்ந்தது. இது தெரியாமல் கருவி பழுது என்று திருப்பி அனுப்புபவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

அண்மைக் காலத்தில் சேர்ந்தவை புளூடூத்தும், 2022இல் லைட்ஸ்பீட் நிறுவனம் சேர்த்த கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கையும். எஞ்சின் புகை அறைக்குள் கசிந்தால் மணமும் நிறமும் இல்லாத அந்த வாயு விமானியை மயக்கும் என்பதால் இரண்டாவது உண்மையில் பயனுள்ளது. முதலாவது பயிற்சி நேரத்தில் பெரும்பாலும் அணைத்து வைக்க வேண்டியது.

மாணவர் முதலில் பள்ளியின் கருவியில் தொடங்கலாம். அது பலர் தலையில் ஏறி இறங்கியது என்பதால் காதுமெத்தை கெட்டிப்பட்டிருக்கும், அடைப்பு சரியாக இராது. சொந்தமாக வாங்கும்போது, கையில் பணம் குறைவென்றால், கனமான ஓடு கொண்ட பேட்டரியில்லாத கருவியை நல்ல நிலையில் வாங்குவது, மலிவான மின்னணுக் கருவியைவிட மேல். தேவைப்பட்டால் அதற்கு அடியில் காதுக்குள் நுரை அடைப்பானையும் செருகிக்கொள்ளலாம். பேச்சும் எஞ்சினும் சேர்ந்து தாழும், பேச்சின் தெளிவு போகாது. சேலத்து வெயிலில் வியர்வையும் தலை எண்ணெயும் பட்டுப் பட்டு மெத்தையின் தோல் வெடிக்கும். துணி உறை போட்டால் வசதிதான், ஆனால் அடைப்பு சற்றுத் தளரும். மெத்தை வெடித்த கருவியில் 80 ஹெர்ட்ஸ் உறுமல் முழுமையாக உள்ளே வருகிறது. அதனால் தனியாகக் கிடைக்கும் மெத்தை ஜோடியை வெடிப்பு கண்டதும் மாற்றிவிட வேண்டும்.